சினாப்ஸ், நினைவு, மூளை நோய்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாபகசக்தி பற்றிப் பேச்சு எடுத்தாலே வரிசையாக வந்து விழும் கேள்விகள் சில உண்டு. பரீட்சைக்குப் படிப்பவர்கள் ஒரு பக்கம், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள் ஒரு பக்கம் என்று ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை பின்னால். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை என்பதால் மேலிருந்து படித்து வருவது நல்லது.

1. சினாப்ஸ் சினாப்ஸ்னு சொல்றீங்களே, அது உறுப்பா, நரம்பா, என்னது?

இரண்டும் இல்லை. ஒரு நியூரானும், அதாவது ஒரு நரம்புச் செல்லும், அடுத்த நியூரானும் சந்திக்கிற இடத்துக்குத்தான் அந்தப் பெயர். அனுப்பும் நியூரானின் இழை நுனி ஒரு பக்கம். பெறும் நியூரானின் கிளையில் துருத்திக்கொண்டிருக்கும் நுண்ணிய முள் மறு பக்கம். நடுவே ஏறத்தாழ 20 நானோமீட்டர் இடைவெளி, அதாவது ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு.

அப்படி ஓர் இடைவெளி இருக்கிறதா என்பதே ஒரு காலத்தில் பெரிய சண்டை. மூளை முழுவதும் அறுபடாத ஒரே வலை என்றார் இத்தாலியின் கமில்லோ கோல்கி. அதே கோல்கி கண்டுபிடித்த வெள்ளிச் சாய முறையைப் பயன்படுத்தியே, ஒவ்வொரு நியூரானும் தனித்தனி என்று காட்டினார் ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் இ காஹால். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசு பெற்ற உரையிலும் கோல்கி விட்டுக்கொடுக்கவில்லை. 1950களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்து இடைவெளியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வழக்கு தீர்ந்தது.

2. நடுவுல இடைவெளி இருக்குன்னா மின்சாரம் எப்படித் தாண்டும்?

பெரும்பாலும் தாண்டுவதில்லை, வேதிப்பொருளாக மாறிப் போகிறது. 1921இல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் மூழ்கியிருந்த திரவத்தை மட்டும் எடுத்து இரண்டாவது இதயத்தின் மேல் விட்டார். யாரும் தொடாத அந்த இதயமும் மெதுவானது. நரம்பிலிருந்து ஏதோ கசிந்திருக்க வேண்டும். அந்தப் பொருளுக்குப் பிறகு அசிட்டைல்கோலின் என்று அடையாளம் தெரிந்தது. சோதனை யோசனை அவருக்குக் கனவில் வந்ததாம். முதல் நாள் இரவு எழுந்து குறித்துவைத்ததைக் காலையில் அவராலேயே வாசிக்க முடியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு வந்ததும் நேராக ஆய்வகத்துக்கே போய்விட்டார்.

நடப்பது இதுதான். அனுப்பும் நுனியில் சுமார் 40 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்பைகள் காத்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான தூது மூலக்கூறுகள். மின்துடிப்பு வந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் வந்துவிட்டது என்பதை உணர்ந்து பையைத் திறக்கச் செய்யும் புரதம் சினாப்டோடாக்மின். இதை விளக்கிய தாமஸ் சூடாஃப் 2013 நோபல் பரிசை ராத்மன், ஷெக்மன் இருவரோடும் பகிர்ந்துகொண்டார். எல்லாம் முடிய ஒரு மில்லிவினாடிகூட ஆகாது.

இந்த இயந்திரத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சுருக்கங்களைப் போக்கப் போடும் போட்டாக்ஸ் ஊசியே சாட்சி. பை திறக்கத் தேவையான ஒரு புரதத்தை அது வெட்டிவிடுகிறது. தசைக்குச் செய்தி போவதில்லை. மின்துடிப்பு நேராகவே கடக்கும் மின் சினாப்ஸ்களும் மூளையில் உண்டு. இங்கே பேசப்போவது வேதிச் சினாப்ஸ் பற்றித்தான்.

3. மூளையில பத்து சதவீதம்தான் பயன்படுத்துறோம்னு சொல்றது நிஜமா?

இல்லை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. சும்மா கிடக்கிற உறுப்புக்கு உடல் இவ்வளவு செலவழிக்காது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் என்பது 2009இல் வந்த கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் சினாப்ஸ்கள்.

4. ஞாபகம் மூளையில எந்த இடத்துல இருக்கு?

ஒரே இடத்தில் இல்லை. இது தெரியவந்தது ஓர் அறுவை சிகிச்சையால். கடும் வலிப்பு நோயால் அவதிப்பட்ட ஹென்றி மொலைசனுக்கு 1953இல், அவருடைய 27ஆம் வயதில், மூளையின் இரு பக்கத்துப் பொட்டு மடல்களின் உட்பகுதியை, அங்கிருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பகுதி உட்பட, நீக்கினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு புதிதாக எந்த நிகழ்ச்சியும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்று முன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் முதன்முறை பார்ப்பது போலவே பேசுவார். குழந்தைப் பருவமோ நினைவிலிருந்தது, அறிவுத்திறனும் குறையவில்லை.

பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு சோதனை வைத்தார். கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரத்தின் ஓரத்தை வரைய வேண்டும். நாளுக்கு நாள் மொலைசனின் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும் ‘இதை நான் செய்ததே இல்லையே’ என்பார். நிகழ்ச்சிகளின் நினைவு வேறு, கைப்பழக்கத்தின் நினைவு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி இல்லை. புதிய நிகழ்ச்சியைப் பதிய ஹிப்போகாம்பஸ் வேண்டும். பழையவை காலப்போக்கில் பெருமளவு மூளையின் வெளி அடுக்கான மூளைப் புறணியைச் சார்ந்துவிடுகின்றன. பயத்தில் அமிக்டலா என்ற சிறு பகுதிக்கும், கைப்பழக்கத்தில் சிறுமூளைக்கும் மூளையின் ஆழத்திலுள்ள வேறு சில பகுதிகளுக்கும் பங்கு உண்டு.

5. சரி, ஒண்ணைக் கத்துக்கும்போது சினாப்ஸ்ல அப்படி என்னதான் மாறுது?

அதன் வலு மாறுகிறது. ஒரு நியூரான் இன்னொன்றைத் திரும்பத் திரும்பத் தூண்ட உதவினால் அவற்றுக்கு இடையிலான இணைப்பு பலப்படும் என்று 1949இல் டொனால்ட் ஹெப் ஊகித்தார். 1973இல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ இருவரும் முயலின் ஹிப்போகாம்பஸில் அதைக் கண்டார்கள். வேகமான சில மின் தூண்டல்கள் கொடுத்தால், அதன் பிறகு அதே சினாப்ஸ் மணிக்கணக்கில் கூடுதல் பலத்தோடு பதில் சொன்னது. நீண்டகால வலுவூட்டல் என்பது இதைத்தான்.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பெறும் பக்கத்தில், குளூட்டமேட் என்ற தூது மூலக்கூறை வாங்கும் ஏற்பிகள் (வாசல் போன்ற புரதங்கள்) முக்கியமாக இரண்டு வகை: ஆம்பா, என்எம்டிஏ. ஆம்பா அன்றாட வேலைக்காரன். குளூட்டமேட் வந்தால் திறந்துவிடும். என்எம்டிஏ அப்படி இல்லை. அதன் வாயில் ஒரு மக்னீசியம் அயனி, பாட்டிலில் இறுக்கிய தக்கை போல அடைத்துக்கொண்டிருக்கும். பெறும் நியூரான் ஏற்கெனவே விழித்த நிலையில் இருந்தால்தான் தக்கை வெளியேறும். அதே நேரம் குளூட்டமேட்டும் வந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நடந்தால் மட்டுமே கால்சியம் உள்ளே போகும். ‘இந்த இரண்டும் சேர்ந்து நடந்தன’ என்று ஒற்றை மூலக்கூறு கண்டுபிடித்துவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

உள்ளே வந்த கால்சியம் ஒரு நொதியைக் கிளப்பிவிட, கூடுதல் ஆம்பா ஏற்பிகள் மேற்பரப்புக்கு வருகின்றன. அடுத்த முறை அதே அளவு குளூட்டமேட் வந்தாலும் பதில் பலமாக இருக்கும். 1986இல் ரிச்சர்ட் மோரிஸ் குழு என்எம்டிஏ ஏற்பியை மருந்தால் தடுத்தபோது, நீருக்கு அடியில் மறைந்திருக்கும் மேடை எங்கே என்பதை எலிகளால் சரியாகக் கற்க முடியவில்லை.

6. நேத்து படிச்சது மறந்துபோகுது, சின்ன வயசு ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கே, ஏன்?

குறுகிய கால நினைவுக்கு ஏற்கெனவே இருக்கிற புரதங்களில் சிறு மாற்றம் போதும். நெடுங்காலம் நிற்க வேண்டுமானால் செல் புதுப் புரதம் தயாரிக்க வேண்டும். எரிக் கேன்டல் இதைக் கண்டது அப்லிசியா என்ற கடல் நத்தையிடம். அதற்கு மொத்தமே சுமார் 20,000 நியூரான்கள். சில கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. வாலில் ஒரு முறை மின்னதிர்ச்சி கொடுத்தால் சில நிமிடம்தான் உஷாராக இருக்கும். இடைவெளி விட்டு நாலைந்து முறை கொடுத்தால் நாள்கணக்கில் நினைவு வைத்திருக்கும். இரண்டாவது வகையில் கிரெப் என்ற புரதம் மரபணுக்களை இயக்கி, புது சினாப்ஸ்களே முளைத்தன. உணர் நியூரானின் இணைப்புகள் ஏறக்குறைய இரு மடங்காயின. 2000ஆம் ஆண்டு நோபல் பரிசில் கேன்டலுக்குப் பங்கு கிடைத்தது.

‘இடைவெளி விட்டு’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் பத்து தடவை படிப்பதைவிட, நாட்களைப் பிரித்துப் படிப்பது நிற்கும். சின்ன வயது ஞாபகம் அப்படியே இருப்பதாகத் தோன்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அதில் மறந்தவை எவை என்று நமக்குத் தெரியாது.

7. ராத்திரி முழுக்க முழிச்சுப் படிச்சா என்ன தப்பு?

பதிந்ததைத் திடப்படுத்தும் வேலையில் பெரும்பகுதி தூக்கத்தில் நடக்கிறது. 2017இல் டோனோனி, சிரெல்லி குழு எலிகளின் மூளைப் புறணியில் கிட்டத்தட்ட 7,000 சினாப்ஸ்களை அளந்து பார்த்தது. தூங்கிய எலிகளில் சினாப்ஸ்களின் தொடுபரப்பு சராசரியாக 18 சதவீதம் குறைந்திருந்தது. மிகப் பெரிய சினாப்ஸ்கள் மட்டும் சுருங்கவில்லை. பகலில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பலப்பட்டுவிடுவதால் இரவில் வேண்டாததைத் தளர்த்தி மறுநாளுக்கு இடம் உண்டாக்குகிறது என்பது அவர்கள் விளக்கம். எல்லா ஆய்வாளர்களும் இதை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் தூங்காமல் படித்தது சரியாக நிற்காது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை.

8. எங்க அம்மா சாவியை எங்க வெச்சோம்னு மறந்துடறாங்க. அல்சைமரா இருக்குமோ?

சாவி வைத்த இடம் மறப்பது பெரும்பாலும் அல்சைமர் இல்லை. வைக்கும்போது கவனம் வேறெங்கோ இருந்தால் அது பதிவாகவே இல்லை. பதியாததை மறக்க முடியாது. கவலைப்பட வேண்டியது வேறு மாதிரி மறதிக்கு: சொன்னதையே சில நிமிடங்களில் திரும்பக் கேட்பது, நன்றாகத் தெரிந்த வழியில் திசை தப்புவது, வழக்கமாகச் செய்யும் வேலையின் படிகளே குழம்புவது, ‘அப்படி ஒன்று நடக்கவே இல்லை’ என்று சாதிப்பது.

அப்படி இருந்தாலும் நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், அலர்ஜி மாத்திரைகள் இவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடுவதுதான் நான் பார்த்தவரை அதிகம் நடக்கும் தவறு.

9. அல்சைமர்ல மூளை செல் செத்துப்போறதுதானே பிரச்சினை? சினாப்ஸ் எங்க வந்துச்சு?

செல்கள் சாகின்றன, உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே சினாப்ஸ்கள் போகத் தொடங்கிவிடுகின்றன. 1991இல் ராபர்ட் டெர்ரி குழு, இறந்த நோயாளிகளின் மூளையை ஆராய்ந்தபோது, அவர்களின் அறிவுத்திறன் இழப்போடு மிக நெருக்கமாகப் பொருந்தியது, இந்த நோயில் மூளையில் சேரும் அமிலாய்ட் என்ற புரதப் படிவின் அளவு அல்ல, சினாப்ஸ் இழப்பு. 2002இல் டெனிஸ் செல்கோ இதை ஒரு சினாப்ஸ் செயலிழப்பு நோய் என்றே எழுதினார். அமிலாய்ட் பீட்டா மூலக்கூறுகள் சில சேர்ந்த சிறு கூட்டங்கள், கெட்டியான படிவாகும் முன்பே, 5ஆம் பதிலில் சொன்ன வலுவூட்டலைக் கெடுக்கின்றன என்பது ஆய்வகங்களில் காணப்பட்டது.

புது மருந்துகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: லெக்கனமாப் அமிலாய்டை நீக்குகிறது. ஆரம்பக் கட்ட நோயாளிகளிடம் 18 மாதத்தில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் 0.45 புள்ளி. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வந்தன. நோயின் போக்கை மாற்ற முடியும் என்று காட்டியது பெரிய காரியம். போன நினைவைத் திருப்பித் தரும் மருந்து அல்ல அது.

10. அப்போ மறந்துபோனது அழிஞ்சே போச்சா, உள்ளேயே எங்கயாவது இருக்கா?

எலிகளில் ஒரு பகுதி விடை இருக்கிறது. 2012இல் சுசுமு டோனெகாவா ஆய்வகத்தில், எலி ஒரு கூண்டில் பயத்தைக் கற்றபோது ஹிப்போகாம்பஸில் இயங்கிய நியூரான்களுக்கு மட்டும் ஒளிக்கு மசியும் புரதம் வருமாறு செய்தார்கள். பிறகு வேறொரு கூண்டில், பயப்பட எதுவும் இல்லாதபோது, அந்த நியூரான்களை ஒளியால் தூண்டியதும் எலி உறைந்து நின்றது.

2016இல் அதே ஆய்வகம், அல்சைமர் போன்ற நோய் வரும்படி மரபணு மாற்றிய எலிகளை எடுத்துக்கொண்டது. அவை அதிர்ச்சி வாங்கிய கூண்டில் மறுநாள் விட்டால் பயப்படவில்லை. நினைவு நியூரான்களை ஒளியால் தூண்டினால் பயந்தன! அதாவது நோயின் தொடக்கத்தில் நினைவு அழியவில்லை, எட்ட முடியாமல் போயிருந்தது. இது எலி, அதுவும் மரபணு மாற்றிய எலி, அதுவும் ஆரம்பக் கட்டம். முற்றிய நோயில் செல்களே போன பிறகு இதைச் சொல்ல முடியாது.

11. சினாப்ஸ் நிறைய இருந்தா புத்தி ஜாஸ்தியா இருக்குமா?

இருக்காது. சிறு குழந்தையின் மூளைப் புறணியில் சினாப்ஸ் அடர்த்தி வளர்ந்தவரைவிட அதிகம். குழந்தைப் பருவத்திலும் பதின்பருவத்திலும் மூளை வேண்டாததைக் கத்தரித்துக்கொண்டே வருகிறது. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா, நோயெதிர்ப்பு மண்டலத்தின் புரதங்கள் ஒட்டிய சினாப்ஸ்களை விழுங்குவது பெத் ஸ்டீவன்ஸ் முதலானோரின் ஆய்வுகளில் தெரிந்தது.

கத்தரிப்பு கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை. அந்தப் புரதங்களில் ஒன்றான சி4ஐ அதிகம் உண்டாக்கும் மரபணு வடிவங்கள் மனச்சிதைவு நோயின் அபாயத்தைக் கூட்டுவதாக 2016இல் காட்டினார்கள். மனச்சிதைவு பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியில் தலைகாட்டுவதோடு இது பொருந்துகிறது. எதிர்ப்பக்கம், ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபுக் குறைபாட்டில், 1ஆம் பதிலில் சொன்ன முட்கள் அதிகமாகவும் ஒல்லியாக நீண்டும், முதிராமல் இருக்கின்றன. எலிகளில் அதைச் சரிசெய்த மருந்துகள் மனிதச் சோதனைகளில் பலிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

12. அப்போ ஆட்டிசம் சினாப்ஸ் வியாதிதானா?

ஒரு பகுதியினரில் அந்தத் தொடர்பு உறுதி. சினாப்ஸின் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும் புரதங்களில் நியூரோலிகின் ஒன்று. ஆட்டிசம் உள்ள சகோதரர்கள் இருந்த இரு குடும்பங்களில் அதன் மரபணுக்களில் மாற்றம் இருப்பதை 2003இல் கண்டார்கள். ஆனால் ஆட்டிசம் ஒரே காரணத்தால் வருவது அல்ல. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் தொடர்புடையவை. எல்லோருக்கும் ‘சினாப்ஸ் கோளாறு’ என்று முத்திரை குத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வளர்ப்பு சரியில்லாததால் வருகிறது என்பதோ முழுப் பொய்.

13. நல்லா இருந்த பொண்ணு ஒரே வாரத்துல பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிட்டா, அப்புறம் முழுசா குணமாயிட்டான்னு கேள்விப்பட்டேன். அப்படி நடக்குமா?

நடக்கும். 5ஆம் பதிலில் வந்த என்எம்டிஏ ஏற்பியையே சொந்த உடலின் ஆன்டிபாடிகள் தாக்கும் ஒரு மூளை அழற்சி உண்டு. 2007இல் ஹோசெப் டால்மோவும் உடனிருந்தோரும் விவரித்தார்கள். இளம் பெண்களிடம் அதிகம். சந்தேகம், குழப்பம், இல்லாத குரல் கேட்பது, மறதி, பிறகு வலிப்பு, வாய் தானாக அசைவது, சுயநினைவு மங்குவது என்று நாள்கணக்கில் முற்றும். சிலருக்குச் சினைப்பையில் உள்ள ஒரு கட்டி இதைத் தூண்டிவிடுகிறது.

ஆன்டிபாடி ஒட்டியதும் ஏற்பிகள் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. நியூரான் சாவதில்லை. அதனால்தான் கட்டியை அகற்றி, நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். பல மாதங்கள் ஆகலாம். திடீரென்று குணம் மாறி, கூடவே வலிப்போ விநோத அசைவுகளோ வந்தால் நரம்பியல் மருத்துவரும் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

14. உயிரோட இருக்கிறவங்க மூளையில சினாப்ஸை எண்ண முடியுமா?

ஒவ்வொன்றாக எண்ண முடியாது, அடர்த்தியை அளக்கலாம். 2ஆம் பதிலில் சொன்ன நுண்பைகளின் சுவரில் எஸ்வி2ஏ என்ற புரதம் இருக்கிறது. அதில் ஒட்டும் மெல்லிய கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, பெட் ஸ்கேன் எடுக்கும் முறையை 2016இல் யேல் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. அல்சைமரின் ஆரம்பத்திலேயே ஹிப்போகாம்பஸில் இந்த ஒளிர்வு வெகுவாகக் குறைவது பின்னர் தெரிந்தது. வலிப்புக்குப் பரவலாகக் கொடுக்கும் லெவெடிராசிட்டம் மாத்திரை ஒட்டுவதும் இதே புரதத்தில்தான்.

15. ஞாபகசக்தி டானிக், மாத்திரை, மூளை விளையாட்டு ஆப், எதை வாங்கலாம்?

ஆரோக்கியமானவரின் நினைவைக் கூட்டுவதாக உருப்படியாக நிரூபிக்கப்பட்ட டானிக் எதுவும் இல்லை. விளையாட்டு ஆப்பில் பயிற்சி எடுத்தால் பெரும்பாலும் அந்த விளையாட்டில்தான் தேர்ச்சி வரும். ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேட்காமை, புகை, உடற்பயிற்சி இல்லாமை, தனிமை இவற்றைக் கவனிப்பது பலன் தரும். இப்படி மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் டிமென்ஷியா என்ற மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மதிப்பிட்டது. காது கேட்கும் கருவியை யாரும் ஞாபகசக்தி விளம்பரத்தில் காட்டுவதில்லை, பாருங்கள்.

16. கசப்பான ஞாபகத்தை மட்டும் அழிக்க முடியுமா?

பழைய நினைவு கல்வெட்டு அல்ல என்று 2000இல் கரீம் நாடர் காட்டினார். ஓர் ஒலி கேட்டால் அதிர்ச்சி வரும் என்று எலிகளுக்குக் கற்பித்தார். பின்னர் அந்த ஒலியைக் கேட்கவைத்து, உடனே அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார். அதன் பிறகு ஒலிக்குப் பயம் வெகுவாகக் குறைந்தது. நினைவூட்டாமல் மருந்து மட்டும் கொடுத்தால் பலன் இல்லை. ஆக, நினைவுகூரும்போது நினைவு தளர்ந்து, மறுபடி புரதம் செய்து திடப்பட வேண்டியிருக்கிறது.

மனிதர்களிடம் அந்த மருந்தைப் பயன்படுத்த முடியாது. ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனோலால் மாத்திரையை வைத்துச் செய்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்தன. அப்படியே பலித்தாலும் குறைவது பயம்தான்; என்ன நடந்தது என்பது நினைவில் இருக்கும்.

17. புரதம் எல்லாம் சில நாள்ல சிதைஞ்சு புதுசாகுதுன்னா, அம்பது வருஷ ஞாபகம் எதுல நிக்குது?

எல்லாவற்றிலும் கஷ்டமான கேள்வி. 1984இல், டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கே இதைக் கேட்டார். ஒரு மூலக்கூறு போனாலும் அதன் பக்கத்து மூலக்கூறு புதிதாக வந்ததற்கு அதே நிலையைக் கடத்திவிட்டால் நிலை தொடரும் என்பது அவர் யோசனை.

டாட் சாக்டர் முன்வைத்த பிகேஎம்-சீட்டா என்ற நொதி அந்த வேலைக்குப் பொருத்தமாகத் தெரிந்தது. 2006இல் அதைத் தடுத்ததும் எலிகளில் பழைய நினைவும் போயிற்று. 2013இல் அந்த நொதியே இல்லாத எலிகளை உண்டாக்கினார்கள். அவையும் நன்றாகவே நினைவு வைத்திருந்தன. கதை முடிந்தது என்று பலர் கைவிட்டார்கள். இல்லாததை ஈடுகட்ட அதன் உறவு நொதி ஒன்று முன்வந்திருக்கிறது என்றார் சாக்டர். 2024இல் அவர் குழு இன்னொரு துண்டைச் சேர்த்தது: கிப்ரா என்ற புரதம் பலப்பட்ட சினாப்ஸ்களில் ஒட்டிக்கொண்டு பிகேஎம்-சீட்டாவை அங்கே பிடித்துவைக்கிறது; அந்தப் பிணைப்பைத் தடுத்தால் எலிகளின் நினைவு குலைகிறது. மூலக்கூறுகள் மாறிக்கொண்டே இருந்தாலும் எந்த சினாப்ஸ் என்ற அடையாளம் நிற்பது இதனால்தான் என்பது அவர்கள் வாதம். மற்ற ஆய்வகங்கள் இதைச் சோதித்துச் சொல்ல வேண்டும்.